வயோலாவை ஹல்லுக்குக் கொண்டு வரலாமா?

கலங்கரை: 1906இல் இங்கிலாந்தின் பெவர்லியில் கட்டி, ஹல் துறைமுகத்திலிருந்து மீன்பிடிக்கப் போன நீராவி ட்ராலர் (இழுவலைக் கப்பல்) ‘வயோலா’. இன்று தென் அட்லாண்டிக்கில், தெற்கு ஜார்ஜியாத் தீவில், பழைய திமிங்கில வேட்டை நிலையமான கிரிட்விகனில் துருவேறிக் கிடக்கிறது. ஹல்லுக்குக் கொண்டு வர ஒரு அறக்கட்டளை முயல்கிறது. கொண்டு வரத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் ஹல் கப்பல்கள் கூட்டமாக வாரக்கணக்கில் வடகடலிலேயே நிற்கும். கிடைத்த மீனைப் பெட்டியில் அடைத்து, துடுப்புப் படகில் ஏற்றி, அலைக்கு நடுவே வேகக் கப்பலுக்கு மாற்றுவார்கள். அது லண்டன் பில்லிங்ஸ்கேட் சந்தைக்கு ஓடும். அந்தப் படகுவேலையில் செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் நினைவாக மிஞ்சியிருப்பவை மிகக் கொஞ்சம்.

நங்கூரம்: நண்பரே, ஹல்லிலிருந்து அது மீன் பிடித்தது எட்டே வருடம். 1914இல் போருக்கு எடுத்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் நார்வேக்கு விற்றார்கள். பெயரும் மாறி ‘டியாஸ்’ ஆனது. 1927இல் கிரிட்விகன் வந்து, முப்பது வருடத்துக்கு மேல் யானை சீல் வேட்டைக்கு உழைத்தது. பிறந்த வீட்டில் எட்டு, புகுந்த வீட்டில் முப்பதுக்கு மேல். இது எந்த வீட்டுப் பெண்?

கலங்கரை: புகுந்த வீட்டார் வைத்துக்கொண்ட லட்சணம்தான் தெரிகிறதே! 1974இல் கயிறு கட்டி நிறுத்தியிருந்த இடத்திலேயே மூழ்கவிட்டார்கள். 2004இல் எண்ணெயையும் கல்நாரையும் அகற்றும் வேலை நடந்தபோதுதான் மிதக்கவிட்டுக் கரையேற்றினார்கள்.

உப்புக்காற்று: இடையில் ஒரு வார்த்தை. நான் போட் எஞ்சின் வேலைக்காரன். ஹல்லில் செய்த அதே நீராவி எஞ்சின் இன்னும் உள்ளேயே இருக்கிறது, அதுதான் பெரிய விஷயம். ஆனால் நூறு வருடத் தகட்டை நம்பிக் கயிறு கட்டி இழுக்க முடியாது. பெரிய கப்பலின் தளத்தில் தூக்கி வைத்துத்தான் கொண்டு வர வேண்டும். செலவை யார் தருவார்?

நங்கூரம்: செலவு கிடைத்தாலும் நான் ஒப்பமாட்டேன். ஹல்லுக்கு வந்தால் 1918இல் ஜெர்மனியின் யூபி-30 நீர்மூழ்கியை மூழ்கடித்ததில் பங்கெடுத்த வீரக் கதையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். சீல் கொழுப்பைக் காய்ச்சிய கதை மூலையில் ஒரு பலகையோடு முடிந்துவிடும். கிரிட்விகனில் திமிங்கில எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது எதையும் மறைக்க முடியாது.

கலங்கரை: மறைக்க முடியாதுதான், சரி. மழையும் பனியும் தகட்டைத் தின்றுவிட்டால் எதைக் காட்டப் போகிறீர்கள்? கப்பலின் மணி ஏற்கெனவே நார்வேயிலிருந்து ஹல்லுக்கு வந்துவிட்டது. கப்பலும் வரட்டும்.

நங்கூரம்: வந்தால் முகப்பில் எந்தப் பெயரை எழுதுவீர்கள்?

உப்புக்காற்று: முதலில் பெயிண்ட் ஒட்டுமா பாருங்கள் அண்ணே.