ராத்திரி அரிப்பு, வெளுத்த தோல்: பங்கஸ் மருந்து கேட்கவில்லை

கேள்வி (ஹட்டன், தோட்டக் குடும்பநலப் பகுதி)
58 வயது அம்மா. பெண்ணுறுப்பின் வெளிப்பக்கம் ஒரு வருசமாக அரிப்பு, ராத்திரியில் தூக்கமில்லை. குளோட்ரிமசோல் 3 டியூப் முடிந்தது. வெள்ளைபடுதல் இல்லை, சீனி நோர்மல். தோல் கசக்கிய டிசு மாதிரி வெளுத்து, ஆசனவாய்ப் பக்கம் வெடித்திருக்கு. வெண்குஷ்டம் என்று பயப்படுறாங்க. யாரிடம் அனுப்புறது?

பதில் 1
லைக்கன் ஸ்க்லெரோசஸ் (தோல் வெளுத்து மெலியும் நாட்பட்ட அழற்சி) என்றுதான் முதலில் சந்தேகப்படணும். வெண்குஷ்டத்தில் நிறம்தான் போகும்; தோல் மெலிந்து வெடிக்காது. இதில் பெண்ணுறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி 8 போட்ட மாதிரி வெளுக்கும், சொறிந்த இடத்தில் ரத்தப்புள்ளி தெரியும். உள்ளுதடுகள் ஒட்டி மறைந்திருக்கா என்று பாருங்க. மறைந்தது மருந்தால் திரும்பாது, அதனால்தான் அவசரம். யோனிக்குள்ளேயும் புண் இருந்தால் லைக்கன் பிளானஸ் என்ற வேறொரு தோல் அழற்சியை யோசிக்கணும். பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்லிடலாம். தடிப்பு, ஆறாத புண் இருந்தால் பயொப்சி (சிறு துண்டு தோல் எடுத்துச் சோதிப்பது). டிக்கோயா ஆஸ்பத்திரி ஓபீடீயில் (வெளிநோயாளர் பிரிவில்) கடிதம் வாங்கி தோல் கிளினிக்குக்கு அனுப்புங்க.

பதில் 2
வழக்கமாக எழுதுவது குளோபெட்டசோல் 0.05% ஒயின்ட்மென்ட் (வீரியமான ஸ்டீரொயிட் களிம்பு). கிறீம் வேண்டாம், வெடிப்பில் எரியும். 4 கிழமை தினமும் ராத்திரி, அடுத்த 4 கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள், கடைசி 4 கிழமை கிழமைக்கு இரண்டு தரம். சுட்டுவிரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் அரை கிராம். ஒரு தடவைக்கு அது போதும். மொத்தம் 50 தடவை, 25 கிராம். ஆக 30 கிராம் டியூப் 3 மாதம் வரணும். ஒரு மாதத்தில் தீர்ந்தால் தொடையிலும் பூசுறாங்க. தொட்டும் தொடாமலும் பூசினால் டியூப் தீரவே தீராது.

சிக்கல் வருவது இங்கேதான்: இரண்டு கிழமையில் அரிப்பு அடங்கும், உடனே நிறுத்திடுவாங்க, திரும்ப வரும். டியூப் தாளில் ‘பிறப்புறுப்பில் பூசாதீர்’ என்று வாசித்துப் பயந்து நிறுத்துறவங்களும் உண்டு. டொக்டர் சொன்ன இடத்தில், சொன்ன அளவில் பூசினால் பயமில்லை என்று முதலிலேயே சொல்லிடுங்க. வெளுப்பு முழுதாகப் போகாமல் இருக்கலாம். அரிப்பும் வெடிப்பும் போகணும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. வீட்டுக்காரருக்குத் தொற்றுமா?

பதில் 3
தொற்றாது, பால்வினை நோயும் இல்லை. டெட்டோல், சுடுதண்ணீர், வாசனைச் சவர்க்காரம் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்க. சவர்க்காரத்துக்குப் பதிலா எமல்சிபையிங் ஒயின்ட்மென்ட் (வாசனையில்லாத மெழுகுக் களிம்பு) தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். மழைநாளில் இடுப்பில் கட்டின ஈரப் படங்கோடு தேயிலை மலையில் நின்றால் உரசி வெடிக்கும், சிறுநீர் பட்டால் எரியும். வேலைக்குப் போகுமுன் வெஸலின் தடவட்டும். 3 மாதத்தில் மறுபடி காட்டணும், அரிப்பு அடங்கினாலும் வருசத்துக்கு ஒருதரமாவது. புற்றுநோய் வருவது 100 பேரில் 5 பேருக்கும் குறைவு. ஆனால் கட்டியோ ஆறாத புண்ணோ கண்டால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.