பாக்கி கேட்டு நாலாவது மெயில்: எப்படி எழுதுவது?

வணக்கமுங்க. திருப்பூரில் சின்னதாக ஒரு பவர்டேபிள் யூனிட் (மோட்டார் தையல் மெஷினில் துணி தைத்துக் கொடுக்கும் இடம்) வைத்திருக்கிறேன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுத்து 70 நாள் ஆகிறது. பில் 3,40,000 ரூபாய். ஒரு பைசா வரவில்லை.

மூன்று மெயில் போட்டாயிற்று. முதலாவதில் நலம் விசாரித்தே அரைப் பக்கம் போய்விட்டது, பில் நம்பரையே விட்டுவிட்டேன் (என் தப்புதான்). அடுத்ததன் தலைப்பு வெறும் 'ரிமைண்டர்'. மூன்றாவதில் பில் நம்பர், தேதி, தொகை எல்லாம் இருந்தது. அதற்கும் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். போன் செய்தால் "பார்க்கலாமுங்க".

சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு என்னிடம் இருக்கிறது. 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி பாக்கி 45 நாள் தாண்டினால் வட்டி கேட்கலாம். ஆனால் அடுத்த ஆர்டரும் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

நாலாவது மெயிலில் சட்டத்தை முதல் வரியிலேயே சொல்வதா, பணம் தர ஒரு தேதி கேட்டுவிட்டுக் கடைசியில் சொல்வதா?