துருவேறிய ஷெபீல்டு சவரக்கத்தி: மெருகேற்றுவதா, விட்டுவைப்பதா?

கரிகாலன்_லீட்ஸ்:
இங்குள்ள பழம்பொருள் கடையொன்றில் மடக்குச் சவரக்கத்தி ஒன்றை வாங்கினேன். அலகின் அடியில் ஷெபீல்டு என்ற இங்கிலாந்து நகரின் பெயர் முத்திரையும், ஒரு மகுடமும், அதன் இருபுறமும் ‘வி’, ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துகளும் உள்ளன. கைப்பிடி கொம்பு என்று கடைக்காரர் சொன்னார். அலகெங்கும் செந்துரு படர்ந்திருக்கிறது. வாய்ப்பகுதியை ஒட்டிச் சில குழிகளும் தெரிகின்றன. மின்சக்கரத்தில் துணிவட்டு பொருத்திக் கண்ணாடிபோல் மெருகேற்றி, முகம் மழிக்கப் பயன்படுத்த எண்ணுகிறேன். முத்திரை சற்று மழுங்கினாலும் எனக்குக் கவலையில்லை.

பழம்பெட்டி:
சக்கரத்தை அருகிலேயே கொண்டுவராதீர்கள், நண்பரே. சவரக்கத்தியின் எஃகு கடினப்படுத்தப்பட்ட பின் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பதப்படுத்தப்பட்டது. தாள்போல் மெலிந்த வாய்ப்பகுதி சக்கரத்தின் உராய்வில் நொடிகளில் சூடேறிவிடும். 300 டிகிரியை நெருங்கி நீலம் பூத்துவிட்டால் பதம் போய்விட்டது என்று பொருள், பிறகு எந்தக் கல்லாலும் அதை மீட்க முடியாது. அதைவிட முக்கியமானது முதுகு. தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படுகின்றன என்பதால், முதுகின் தடிப்பும் அலகின் அகலமும்தான் தீட்டுக்கோணத்தை முடிவு செய்கின்றன. அழகுக்காக முதுகைத் தேய்ப்பவர் அந்தக் கோணத்தையே குறைத்துவிடுகிறார். மேலும் அந்த எழுத்துகள் விக்டோரியா அரசியின் காலத்தை, அதாவது 1837 முதல் 1901 வரையிலான காலத்தைக் குறிப்பவை. இங்கிலாந்து என்ற நாட்டுப்பெயர் பொறிக்கப்படவில்லை என்றால், 1891க்கு முந்தையது என்றே கொள்ளலாம். அந்த முத்திரையை அழிப்பது கல்வெட்டைக் கொத்துவதற்குச் சமம்.

சாணைக்கல்:
சூட்டைப் பற்றிச் சொன்னது சரி; காலக்கணிப்பு சரியில்லை. நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற கட்டாயம் 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டத்தால் வந்தது. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான பொருள்களுக்கே அது பொருந்தும் என்பதால், உள்நாட்டில் விற்ற கத்தியில் அந்தப் பெயர் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கல்வெட்டோடு ஒப்பிடுவதையும் நான் ஏற்கவில்லை. 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கும் முறையை வகுத்த பிறகு, ஷெபீல்டு பட்டறைகள் உலகத்துக்கே கத்திகளை விற்றன. இவை அன்றாடம் முகத்தில் பட்டுத் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் முதுகு வாயோடு சேர்ந்து தேயத்தான் செய்கிறது. சக்கரம் வேண்டாம், ஆனால் நீரில் நனைத்த உப்புத்தாளால், 400ஆம் எண்ணில் தொடங்கி 2000 வரை (எண் கூடக்கூடத் தாள் நயமாகும்), முதுகையும் முத்திரையையும் விட்டுவிட்டுக் கையாலேயே தேய்க்கட்டும். செந்துரு ஈரத்தைப் பிடித்துவைத்து மேலும் அரிக்கும். அதைப் பழமையின் அழகு என்று போற்றுவது கத்தியைக் கொல்வதுதான்.

பழம்பெட்டி:
செந்துருவைப் போற்றச் சொல்லவில்லை. எண்ணெயும் மெல்லிய இரும்புப் பஞ்சும் கொண்டு அதை எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் கருமையை விட்டுவிடுங்கள் என்கிறேன். அது நிலைத்துவிட்ட படலம், தீங்கு செய்யாது. 400 உப்புத்தாள் போட்டால், அலகின்மேல் அமிலத்தால் எழுதிய எழுத்து ஏதேனும் இருந்தால் துருவோடு போய்விடும். கைப்பிடியின் ஆணிகளையும் பிடுங்க வேண்டாம், உலர்ந்த கொம்பு எளிதில் பிளந்துவிடும்.

மருதம்:
இருவரும் கைப்பிடி கொம்புதான் என்று கடைக்காரரை நம்பிவிட்டீர்கள். விரலால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு என்ற பழைய வகை நெகிழி, ஏனெனில் கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். பழைய செல்லுலாய்டு சிதையும்போது வெளியாகும் அமில ஆவி அலகை அரிப்பதோடு, ஒரே பெட்டியில் உள்ள மற்றக் கத்திகளையும் துருவேற்றும். அப்போது ஆணியைக் கழற்றி அந்தக் கைப்பிடியை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை, பழம்பெட்டி அவர்களே. சூடான ஊசியால் சோதிக்க மட்டும் வேண்டாம், சட்டெனத் தீப்பற்றும்.

கரிகாலன்_லீட்ஸ்:
கற்பூர வாசனை இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் நார்நாரான கோடுகள் தெரிகின்றன. ஆகவே ஆணிகளைத் தொடப் போவதில்லை, சக்கரமும் வேண்டாம். ஆனால் வாயோரக் குழிகளை என்ன செய்வது?

சாணைக்கல்:
1000ஆம் எண் சாணைக்கல்லில் குழிகள் மறையும்வரை தீட்டுங்கள். குழி விளிம்பிலேயே இருந்தால் அங்கே கூர் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

பழம்பெட்டி:
மறைவதற்குள் அலகின் அகலம் கண்ணுக்குத் தெரியும்படி குறையத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். மழிப்பதற்கு வேறு கத்தி கிடைக்கும்.