குண்டு வெடித்த செய்தி வந்த நாளில் உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்?

ஓசூர்க்காரன்:
நானே தொடங்கிவிடுகிறேன். 2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. பெங்களூரு ராமேஸ்வரம் கஃபேயில் ஏதோ வெடித்தது என்று செய்தி வந்தபோது நான் எலக்ட்ரானிக் சிட்டியில் ஷிப்டில் இருந்தேன். தங்கை வேலை பார்ப்பது அந்தக் கடை இருக்கும் பக்கம். அவள் போனை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

முதலில் சிலிண்டர் என்றார்கள், சாயங்காலம் குண்டுதான் என்று உறுதியானது. ராத்திரி சாப்பிடும்போது அப்பாவுக்கும் மாமாவுக்கும் சண்டை. "தேர்தல் வருதில்ல, இனிமே தினமும் இதைத்தான் காட்டுவானுங்க" என்றார் மாமா. அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். 1998 பிப்ரவரி 14 அன்று அவர் கோவையில் இருந்தவர். 58 பேர் செத்த குண்டுவெடிப்பு அது. நான் அப்பா பக்கம்தான். மாமா அன்று பேசியது தப்பு என்றே இப்போதும் நினைக்கிறேன். ஒரு கட்சி பிடிக்கவில்லை என்பதற்காக வெடித்த குண்டு வெடிக்காததாகிவிடுமா?

அப்புறம் மார்ச் 19. கர்நாடகத்தைச் சேர்ந்த ஒன்றிய இணை அமைச்சர் ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்தான் கஃபேயில் குண்டு வைத்தார்கள் என்று பேசினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். அந்த மன்னிப்பு தங்கையின் ஹாஸ்டல்வரை வந்து சேரவில்லை. தமிழ்ப் பெண்கள் நான்கு பேரிடம் மட்டும் மறுபடி ஆதார் கேட்டு, பையையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவள், "வாரம் ரெண்டு நாள் அந்தக் கடையில தோசை சாப்பிடறவப்பா நான். அன்னைக்குப் போயிருந்தா நானும்தான் அடிபட்டிருப்பேன்" என்று அழுதாள். அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை. மாமாதான் அவளைச் சமாதானப்படுத்தினார்.

இந்த வழக்கில் ஏப்ரல் 12 அன்று கொல்கத்தா அருகே என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) பிடித்த இருவரும் சிவமொக்கா மாவட்டத்துக்காரர்கள். ஆறு வாரம் கேமரா கேமராவாகப் பார்த்துத் தேடியவர்களுக்கு என் வணக்கம்.

ஊத்தங்கரைவாசி:
எங்களுக்கு அது 2002 நவம்பர். (அப்போது நாங்கள் தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல்.) ஊத்தங்கரைப் பக்கம் நக்சலைட்டுகளுக்கும் போலீசுக்கும் மோதல். ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள்.

பெரியப்பா போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். 1980 ஆகஸ்ட் 6 அன்று திருப்பத்தூரில் நக்சலைட்டுகளின் குண்டுக்கு இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் காவலர்களும் பலியானதைச் சொன்னால் அவருக்குக் குரல் உடைந்துவிடும். பொடா வேண்டும் என்பார். அண்ணன் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தான். "போலீஸ் அதிகாரிகிட்ட கொடுத்த வாக்குமூலமே சாட்சின்னா, அடிச்சு வாங்கினா யார் கேக்கறது?" என்பான். இருவரும் பல மாதம் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் எங்கள் மாந்தோப்பில் கூலி வேலை பார்த்த வெளியூர்ப் பையனை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். ஊருக்குப் புதுசு, அவ்வளவுதான் காரணம். மூன்றாம் நாள் பெரியப்பாவே ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தார். பையன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூலிப் பாக்கியைக்கூட வாங்காமல் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான்.

ஓசூர்க்காரன்:
அண்ணா, அதற்குப் பிறகும் பெரியப்பா பொடா வேண்டும் என்றாரா?

ஊத்தங்கரைவாசி:
சொன்னார் தம்பி. 2004இல் அதை ரத்து செய்தபோதும் கோபப்பட்டார். ஆனால் அந்தப் பையனின் கூலி நானூறு ரூபாயை ஒரு கவரில் போட்டு, டிரங்குப் பெட்டியில் தனியாக வைத்திருந்தார். கடைசிவரை அதை யாரையும் தொடவிடவில்லை.