தூத்துக்குடியில் நிற்கும் கப்பலுக்குச் சூரிய மின்சாரம் காணுமா?

கேள்வி: துறைமுகவாசி
வணக்கம். கப்பல்கள் தளத்தில் கட்டப்பட்டிருக்கும்போதும் விளக்கு, பம்பு, குளிர்பதனப் பெட்டகங்கள் ஆகியவற்றுக்காகத் துணை ஜெனரேட்டர்களை இரவும் பகலும் ஓட்டுகின்றன. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அங்கே வேலை செய்யும் தொழிலாளர்கள்தான். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 5 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறதே, அந்த மின்சாரத்தைக் கேபிள் வழியாகக் கப்பலுக்குக் கொடுத்து ஜெனரேட்டர்களை நிறுத்த இயலாதா?

மறுமொழி: மின்பொறியாளர்
இயலும், ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். நடுத்தரமான ஒரு சரக்குப் பெட்டகக் கப்பலின் தேவையை 1.5 மெகாவாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 36,000 யூனிட் ஆகிறது. தென் தமிழகத்து வெயிலில் 1 மெகாவாட் பேனல்கள் சராசரியாக நாளொன்றுக்கு 4,000 யூனிட்டுக்குச் சற்று மேல் தருவதால், நீங்கள் சொல்லும் நிலையம் முழுவதும் சேர்ந்தாலும் ஒரே ஒரு கப்பலின் தேவையில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அதுவும் நண்பகலில் மிஞ்சும், மாலை 7 மணிக்கு மேல் ஒன்றுமிராது. எனவே சூரிய மின்சாரத்தைப் பொது மின் கட்டமைப்பில் (கிரிட்) செலுத்திவிட்டு, கப்பலுக்கு அந்தக் கட்டமைப்பிலிருந்து எடுப்பதே நடைமுறை.

மறுமொழி: கப்பல் மின் அலுவலர்
பேனலைவிடப் பெரிய செலவு கரைக்கும் கப்பலுக்கும் இடையில்தான் இருக்கிறது. நம் மின்சாரத்தின் அதிர்வெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது) 50 ஹெர்ட்ஸ்; பெருங்கடல் கப்பல்களில் பெரும்பாலானவை 60 ஹெர்ட்ஸில் இயங்குபவை. ஆகவே நேர்மின்னோட்டமாக்கி, மீண்டும் 60 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டமாக மாற்றும் கருவியைத் தளத்தில் நிறுவ வேண்டும். பெரிய கப்பல்களுக்கு 6.6 கிலோவோல்ட் அழுத்தத்தில் தருவது வழக்கம். சரக்கு இறங்க இறங்கக் கப்பல் மேலே எழும், ஓதத்தோடு ஏறி இறங்கவும் செய்யும். கேபிள் இழுபடாமலும் தொய்ந்து நீரில் விழாமலும் அதைச் சுருட்டி விடும் ஏற்பாடும் தேவை. இணைத்தவுடன் ஜெனரேட்டரை நிறுத்திவிடவும் கூடாது. இரு மின்சாரங்களின் அதிர்வெண்ணையும் கட்டத்தையும் (அலைகள் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதை) ஒத்திசைத்து, சுமையைச் சிறிது சிறிதாகக் கரைக்கு மாற்றிய பிறகே நிறுத்த வேண்டும். சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகம் 2000-லும், அலாஸ்காவின் ஜூனோ 2001-லும் இதைத் தொடங்கின. ஜூனோவில் கிடைத்தது நீர்மின்சாரம். அதற்கு இரவு, பகல் சிக்கல் இல்லை.

மறுமொழி: துறைமுகவாசி
மிக்க நன்றி. அப்படியானால் இரவில் கட்டமைப்பிலிருந்து வருவது பெரும்பாலும் கரி மின்சாரம்தானே? இங்கோ 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது.

மறுமொழி: மின்பொறியாளர்
சரியான கேள்வி. கப்பலின் டீசல் ஜெனரேட்டரைவிடக் கரி நிலையம் ஒரு யூனிட்டுக்கு வெளியிடும் கரியமில வாயு அதிகம். ஆகவே கரைமின்சாரம் தளத்துப் புகையை நிச்சயம் நீக்கும். வெப்பமயமாதலுக்குத் தீர்வாக வேண்டுமானால் சூரிய, காற்று மின்சாரத்தையும் பேட்டரிச் சேமிப்பையும் சேர்த்தே பெருக்க வேண்டும்.

என் கருத்தில், பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் தளத்தில் சேர்க்கும் இழுவைக் கப்பல்களிலிருந்து தொடங்குவதே நல்லது. அவற்றின் தேவை சிறியது, வேலை முடிந்தால் தம் இடத்துக்கே திரும்பிவிடும். 2024-இல் தொடங்கிய பசுமை இழுவைக் கப்பல் திட்டத்தின் முதல் நான்கு துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. பேட்டரியில் ஓடும் இழுவைக் கப்பலை முற்பகல் 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் சார்ஜ் செய்யுமாறு பணிநேரத்தை வகுத்தால், அதற்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பங்கைப் பேனல்களே தந்துவிடும்.