இல்லாத கால் விரல் வலிக்கு விஆர் உதவுமா?

வேம்படி:
தீபாவளிக்கு வந்த அக்கா பையன், கண்ணுல மாட்டினா கற்பனை உலகத்தைக் காட்டுற விஆர் ஹெட்செட்டை எனக்கு மாட்டிவிட்டான். குனிஞ்சு பார்த்தா என் கை இருக்கவேண்டிய இடத்துல நீலமா ரெண்டு கை. நான் விரலை மடக்கினா அதுவும் மடக்குது. ரெண்டே நிமிஷத்துல அது என் கைன்னே ஆகிப்போச்சு. மேலேயிருந்து கத்தி ஒண்ணு விழவும் வெடுக்குனு இழுத்துக்கிட்டேன்.

உடனே அப்பா ஞாபகம்தான் வந்துச்சு. சர்க்கரையால மார்ச்சுல அவருக்கு இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துட்டாங்க. ராத்திரியில "கட்டைவிரல் மடங்கிக்கிச்சுடா, நிமித்தி விடு"ங்கிறார். இல்லாத விரலை நான் எப்படி நிமித்த? இந்த ஹெட்செட்ல அவருக்கு ஒரு காலைக் காட்டினா வலி குறையுமா?

கயல்:
1998லயே பாட்வினிக், கோஹென்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வெறும் ரப்பர் கையை வச்சு இதைக் காட்டியிருக்காங்க. நாங்களும் கல்லூரியில செஞ்சோம். சொந்தக் கையை அட்டைக்குப் பின்னால மறைச்சுட்டு, பொம்மைக் கையை முன்னால வச்சு, ரெண்டையும் ஒரே சமயத்துல பிரஷால தடவணும். கொஞ்ச நேரத்துல பொம்மைக் கையிலதான் பிரஷ் படுற மாதிரி இருக்கும். தடவுறது முன்னே பின்னே ஆச்சுன்னா கலைஞ்சிடும். கண்ணும் தோலும் ஒரே நேரத்துல ஒரே சேதி சொன்னா மூளை நம்பிடுது. உங்க நீலக் கையும் அப்படித்தான், விரலோட சேர்ந்தே அசைஞ்சுதே.

பிசியோ_மதுரை:
விரல் இல்லைன்னாலும் அப்பாவோட வலி நிஜம். ஹெட்செட்டுக்குச் செலவழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிலைக்கண்ணாடியை எடுங்க. சென்னை ஸ்டான்லியில மருத்துவம் படிச்ச வி. எஸ். ராமச்சந்திரன் 1990கள்ல கண்ணாடிப் பெட்டியால கை இழந்தவங்களுக்குச் செஞ்சது இதுதான். காலை நீட்டி உட்காரவச்சு, ரெண்டு காலுக்கும் நடுவுல கண்ணாடியை நிறுத்துங்க, அதோட முகம் வலது காலைப் பார்த்து இருக்கணும். கண்ணாடியில தெரியுற காலைப் பார்த்துக்கிட்டே ரெண்டு கால் விரலையும் மெதுவா விரிக்கச் சொல்லுங்க. தினம் ஒரு பதினஞ்சு நிமிஷம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். முதல் நாள் சிலர் அழுதுடுவாங்க, பக்கத்துலயே இருங்க. ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

வேம்படி:
டாக்டர் சரின்னார். பீரோ கண்ணாடியைக் கழட்டி நேத்து வச்சுப் பார்த்தோம். அப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம் "நகம் வளந்திருக்குடா"ன்னார். வலது கால்ல பதமா வெட்டிவிட்டேன். முடியிறவரை அவர் கண்ணாடியையேதான் பார்த்துக்கிட்டிருந்தார்.