அப்டேட்: ஈஸ்ட் பாட்டில விட்டுட்டு சிட்ரிக் ஆசிட்டுக்கு மாறியாச்சு

மீன் தொட்டிக்குள்ள வளர்ற செடிக்கு, பாட்டில்ல சக்கரை ஈஸ்ட் போட்டு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) விடுறேன், நம்ம வேலூர் வெயில்ல ஆரம்பத்துல கேஸ் கொட்டோ கொட்டுனு கொட்டுது, அப்புறம் பொசுக்குனு நின்னுடுது, என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட் இது.

சூடு ஏற ஏற ஈஸ்ட் வேகமா சக்கரைய தின்னுடும், அதான் காரணம். இதுல ராத்திரி நிறுத்தவும் வழி இல்ல. அதனால இப்போ ரெண்டு கூல்டிரிங்க்ஸ் பாட்டில், ஒண்ணுல 200 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைச்சது, இன்னொண்ணுல 200 கிராம் ஆப்ப சோடா கரைச்சது, ஆசிட் பாட்டில லேசா அமுக்குனா கொஞ்சம் அந்தப் பக்கம் போயி கேஸ் கிளம்பும், நீடில் வால்வ (கேஸ் அளவ கூட்டிக் குறைக்கிற திருகு) திருகி பபுள எண்ணி வெச்சுக்கலாம். கூல்டிரிங்க்ஸ் பாட்டில்தான் பிரஷர் தாங்கும், தண்ணி பாட்டில், கண்ணாடி பாட்டில் தொடவே தொடாதீங்க. செக் வால்வும் (ஒரு பக்கம் மட்டும் விடுற வால்வு) கட்டாயம், இல்லன்னா தொட்டித் தண்ணி பாட்டிலுக்கு ரிவர்ஸ்ல வந்துடும்.

லைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி திறக்குறேன், லைட் அணைஞ்சா மூடிடுறேன், ஏன்னா இருட்டுல செடி சிஓ2 எடுக்காது, அதுவும் ஆக்சிஜன்தான் இழுக்கும், மீனுக்கு மூச்சு முட்டும். டிராப் செக்கர் (தண்ணில சிஓ2 எவ்ளோ இருக்குன்னு கலர்ல காட்டுற சின்ன குப்பி) பச்சையா நின்னா ஏறக்குறைய 30 பிபிஎம் (பத்து லட்சத்துல 30 பங்கு) சிஓ2, மஞ்சளானா உடனே குறைச்சிடணும். அது கலர் மாற ரெண்டு மணி நேரம் ஆகும், அதனால மீன் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுதான்னு முதல்ல பாருங்க.

ரொட்டாலா செடியோட நுனி சிவந்துட்டு வருது, மத்தியானம் இலை ஓரமெல்லாம் பொடிப்பொடி முத்தா ஆக்சிஜன் கோத்து நிக்குது, அவ்ளோ சந்தோஷமா இருக்கு! அடுத்து உரம் எவ்ளோ போடலாம்னு காட்பாடி பக்கம் செடி வளக்குற அண்ணனுங்க சொல்லுங்க, என் போர் தண்ணி நல்லா கடினத் தண்ணி.